பதினொரு பக்கங்களில் இறந்துபோன என் தங்கை

1

"தவறான அறிவித்தல் எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் வெளியானதோ, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் அதன் திருத்தமும் வெளியாக வேண்டும். அறிவித்தலின் பிரதி எத்தனை அலுவலகங்களுக்குப் போயிற்றோ, அத்தனைக்கும் திருத்தத்தின் பிரதியும் போக வேண்டும். பெற்றுக்கொண்டதாக ஒவ்வோர் அலுவலகமும் தரும் ஒப்புதல் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும்."

நான் மலேசியாவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த தண்ணீர் இலாகாவின் நிலையான கட்டளைகளில் நாற்பத்தொன்றாம் பிரிவு, உட்பிரிவு (ஆ) இது. உட்பிரிவு (அ) இப்போதைக்கு நமக்குத் தேவையில்லை. வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. அவன் கப்பலேறிப் போன பிறகும் ஒரு சொல் மாறாமல் நாங்கள் நடத்தி வந்தது. பினாங்கில் ஒரு கிராமத்துக்குத் தண்ணீர் நிற்கும் நேரத்தைக் காலை ஏழு என்பதற்குப் பதிலாக ஒன்பது என்று அச்சிட்டுவிட்டதற்காக, பதினான்கு இடங்களுக்குத் திருத்தம் அனுப்பி, பதினான்கு ஒப்புதல்களையும் வாங்கிக் கோப்பில் தைத்தவன் நான். இரண்டு மணி நேரத் தண்ணீருக்கு அவ்வளவு.

ஒரு மனுஷியின் உயிருக்கு எவ்வளவு என்பதை இந்த வருடம் தெரிந்துகொண்டேன். ஒன்றுமில்லை.

2

ஜூன் மாதத்தில் ஒரு காலை. நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து சிறீதரன், என் ஒரே தங்கை மகேசுவரியின் ஒரே மகன்.

"மாமா, அம்மா மோசம் போயிட்டாவாம்."

முப்பத்தைந்து வருடப் பழக்கம், சாவுச் செய்திக்கும் முதலில் கேள்விதான் வந்தது.

"ஆர் சொன்னது?"

"இன்டர்நெற்றிலை போட்டிருக்கு."

"ஆர் போட்டது?"

"அது தெரியாது மாமா. எல்லாத்திலையும் போட்டிருக்கு. நான் பதினொரு இடத்திலை பாத்திட்டன்."

மகேசு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனது வரை எங்களுக்குத் தெரியும். கடைசியாக நான் எழுதிய கடிதம் போன வருடம் அஞ்சல் முத்திரைகளோடு எனக்கே திரும்பி வந்தது. என் முகவரிப் பதிவேட்டில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கடிதத்தைக் கோப்பில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவளைக் கனடாவுக்கு எடுப்பதற்காகச் சிறீ போட்ட விண்ணப்பம் அங்கே ஓர் அலுவலகத்தில் கிடந்தது. நவம்பர் முப்பதாம் திகதிக்குள் அவள் இப்போது இருக்கும் முகவரியைத் தராவிட்டால் கோப்பு மூடப்படும் என்று அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. மூடிய கோப்பைத் திறப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். திறக்க மாட்டார்கள். புதிதாகத் தொடங்கச் சொல்வார்கள். மகேசுக்கு அறுபத்தொரு வயது. புதிதாகத் தொடங்க அவளிடம் வருடங்கள் இல்லை.

"நான் அந்தக் கந்தோருக்கு எழுதப்போறன் மாமா, அம்மா இல்லை எண்டு. லோயரும் அப்பிடித்தான் சொல்லுறார்."

"எழுதாதை. முதல் எழுதினது ஆர் எண்டு நான் கண்டுபிடிக்கிறன்."

"பதினொரு பேரும் பிழையாவோ போடுவாங்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்த யுகத்தில் பதில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் பிரதி என்றால் தலையில் 'பிரதி' என்று முத்திரை இருக்கும், கீழே மூலக் கோப்பின் எண் இருக்கும். பதினொரு பிரதிகளைப் பார்த்துப் பதினொரு சாட்சிகள் என்று எண்ணுகிற மடையன் எங்களிடையே ஒருவனும் இருந்ததில்லை.

3

என் மகள் வாசுகி பினாங்குத் தீவின் தெற்கே, பாயான் பாருவில் இருக்கிறாள். அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர். என் வீடு நகரத்தில், தனி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். என்னோடு பேசும் தமிழில் பாதி ஆங்கிலம், கால்பங்கு மலாய், மிச்சம் அவளுடைய அம்மா விட்டுப்போனது. மகேசுவை அவள் 'அத்தை' என்பாள். எங்கள் ஊர் வழக்கப்படி 'மாமி' என்று சொல்லிப் பார்த்தேன். "மாமின்னா ஐயர் வீட்டு அம்மா மாதிரி இருக்குலா" என்று சிரித்துவிட்டாள். அதோடு விட்டேன்.

அந்தப் பதினொரு பக்கங்களையும் அச்சிட்டுத் தரச் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எதுக்குப்பா?"

"கோப்புக்கு."

"அப்பா... சில விஷயத்தை அக்செப்ட் பண்ணிக்கணும்பா."

அந்தச் சொல்லில் எனக்கு வந்த வெறுப்பை இங்கே எழுத மாட்டேன். ஆனாலும் அச்சிட்டுக் கொண்டுவந்தாள். ஐந்து பக்கங்களை வாசிக்க முடிந்தது. ஆறில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கொக்கிகளும் புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு பக்கத்தானும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருக்கிறானாம். அதை இறக்கினால்தான் தமிழ் தமிழாகத் தெரியுமாம். திரும்பவும் போய் ஆறு எழுத்துருக்களை இறக்கி, திரும்பவும் அச்சிட்டு வந்தாள். அவளுடைய பொறுமையை அப்போது நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

"யார் எழுதினது என்று ஒன்றிலும் இல்லையே" என்றேன்.

"யார் வேணும்னாலும் எழுதலாம்பா. ஃபார்ம் இருக்கும், ஃபில் பண்ணி அனுப்பினா வந்துடும்."

"யார் சரிபார்ப்பது?"

"யாரும் இல்ல. அதான் ஃப்ரீ."

"பிறகு பதினொரு இடத்தில் எப்படி?"

"ரொம்ப சிம்பிள்லா. ஒரு சைட்டு, புதுசா என்னென்ன வந்துச்சுன்னு சின்ன லிஸ்ட் ஒண்ணு வெச்சிருக்கும். மத்த சைட்டெல்லாம் மணிக்கொரு தடவை தானா வந்து அதை எடுத்துக்கும். மனுஷன் பாக்கவே வேண்டாம்."

"மனுஷன் பார்க்கவே வேண்டாமா?"

"அதான்பா அதுல உள்ள வசதியே."

எதிர்காலம் இதுதானாம். செய்தியை ஆசிரியர் எழுதி வாசகர் வாசித்த காலம் போயிற்றாம். இனி வாசகனே எழுதுவான், இயந்திரம் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும். அவளுடைய தொழிற்சாலையில் எல்லாரும் இதைப் பற்றித்தான் மதியச் சாப்பாட்டில் பேசுகிறார்களாம். சாப்பாடு எப்படி இறங்குகிறதோ.

4

யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தல் என்பது விளையாட்டில்லை. வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் தகப்பனார் காலமானபோது நான் இங்கே இருந்தேன். வானொலியில் அறிவித்தல் வரச் செய்தவள் மகேசு. அதற்காக, அவர் இறந்துவிட்டார் என்று ஊர் அதிகாரியான விதானையாரிடம் கடிதம் வாங்கப் போனாளாம். முந்தின நாள் செத்தவீட்டில் முன்வரிசையில் நின்று அழுத அதே விதானையார், "பிள்ளை, தேசிக்காய் பிழிஞ்சு ஒரு தண்ணி தாறன் குடி. ஆனா டொக்டரின்ரை துண்டு இல்லாமல் நான் கையெழுத்து வைக்கேலாது" என்றாராம். அவள் அதை எனக்கு எழுதியது கோபத்தோடு. நான் வாசித்தது மரியாதையோடு. தான் பார்த்துத் தூக்கிய பிணத்துக்கும் துண்டுச் சீட்டுக் கேட்டவர் அவர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளை ஒரு துண்டும் இல்லாமல் சாக வைத்திருக்கிறார்கள்.

சாக வைத்ததோடு நிற்கவும் இல்லை. ஒவ்வோர் அறிவித்தலின் கீழும் விருந்தினர் புத்தகம் என்று ஒன்று. கலியாண மண்டப வாசலில் வைப்பார்களே, அதைப் போல. எவனும் எதையும் எழுதலாம். முதல் வாரத்தில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' பத்து. இரண்டாம் வாரத்தில் ஒருவர், "எனக்கு நாலாம் வகுப்பில் கணிதம் படிப்பித்த ஆசிரியை" என்று எழுதியிருந்தார். மகேசு ஒரு நாளும் படிப்பித்தவள் அல்ல. கூட்டுறவுச் சங்கக் கடையில் முப்பது வருடம் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவள். மூன்றாம் வாரத்தில் வேறொருவர் அந்த ஆசிரியையை ஒரு மகளிர் பாடசாலையின் முன்னாள் அதிபர் ஆக்கினார். உடனே மற்றப் பக்கங்களில் தலைப்பே மாறிவிட்டது: 'ஓய்வுபெற்ற அதிபர் காலமானார்'. உயிரோடிருந்த முப்பது வருட சேவையில் ஒரு பதவி உயர்வும் கிடைக்காதவளுக்கு, செத்த மூன்று வாரத்தில் இரண்டு.

அனுதாபங்களுக்கு நடுவில் ஒருவன் பூப்புனித நீராட்டு விழா வீடியோ எடுத்துத் தரப்படும் என்று தொலைபேசி எண் போட்டிருந்தான். இன்னொருவன் அவளுடைய ஊர் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டது என்று தொடங்க, அதன் கீழே பதினேழு பேர் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். பிணம் கிடக்கும் வீட்டில் செருப்பைக் கழற்றாமல் நுழைந்து சண்டை பிடிப்பது போல.

நோர்வேயிலிருந்து ஒரு பொடியன் எழுதியது ஒன்றுதான் மகேசுவைப் போல இருந்தது. "சங்கக்கடை மகேசக்கா. நான் வரிசையிலை இடையிலை பூந்தா காதிலை பிடிச்சுக் கடைசியிலை கொண்டுபோய் விடுவா." பெயர் இல்லை, முகவரி இல்லை. முகவரி இல்லாதவனுக்கு எதைத் திருப்பி எழுதுவது? கடந்து போனேன்.

சிறீ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மண்டபம் பிடித்துவிட்டான்.

"பொறுக்கலாமே" என்றேன்.

"சனம் என்ன சொல்லும் மாமா? ஐயர் நட்சத்திரம் கேக்கிறார், நான் கட்டளைப் பிரிவு நாப்பத்தொண்டைச் சொல்லவோ?"

"செய்யிறதைச் செய். கோப்பை மட்டும் மூடாதை."

"சரி. நவம்பர் முப்பது மட்டும் பாக்கிறன்."

செய்தான். நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்களாம். படங்களை அந்தப் பதினொரு பக்கங்களில் நான்கு உடனே எடுத்துப் போட்டுக்கொண்டன. இனிச் சந்தேகமே இல்லை, மகனே செய்துவிட்டானே!

5

செவ்வாய்க்கிழமைகளில் என் நண்பர் பெருமாள் வருவார். பாகான் டாலாமில் வீடு, பெர்ரியில் கடல் தாண்டி வருவார். பட்டர்வொர்த் அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் பகுதியில் தலை நரைத்தவர். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களை இங்கே கிராணி என்பார்கள், அதாவது குமாஸ்தா. அவர் என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

"என்னா கிராணியாரே, டைப்ரைட்டரைப் போட்டு இந்தச் சாத்து சாத்துறீங்க? யாருக்குக் கடுதாசி?"

"பதினொரு பேருக்கு."

பதினொரு பக்கங்களுக்கும் பதினொரு கடிதம், இலக்கமிட்டு, இணைப்புகளோடு. முகவரி கிடைத்தவற்றுக்கு அஞ்சலில், மற்றவற்றுக்கு வாசுகி வழியாக. கேட்டது ஒன்றுதான்: இத்தகவலை எங்கிருந்து பெற்றீர்கள்?

பெருமாள் அச்சிட்ட தாள்களைப் புரட்டினார். "ஒரு பொய்யைப் பதினோரு பேரு சொன்னா அது நெசமாயிடும்னு நம்ம பஜாருக்கே தெரியுமே. இதுக்கா கம்ப்யூட்டரு கண்டுபிடிச்சான்?" பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா, அந்தத் திரும்பி வந்த கடுதாசி இருக்கா?"

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் பார்த்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல 'முகவரியில் இல்லை'ன்னுல்ல அடிச்சிருக்கான்."

"அதற்கென்ன?"

"என்னாவா? செத்துட்டா 'காலமானார்'னு அடிப்பான் அண்ணே. அதுக்கு வேற முத்திரை. லண்டனானாலும் இலங்கையானாலும் நம்ம ஊரானாலும் அதே கதைதான். பக்கத்து வூட்டுல கேக்காம எந்தப் போஸ்ட்மேனும் அடிக்க மாட்டான். இல்லைன்னா இல்ல. மூட்டையக் கட்டிக்கிட்டு வேற எடம் போயிட்டாங்க, அவ்ளோதான். உங்க பதினோரு பேரையும் நான் நம்பல லா. இந்த ஒரு போஸ்ட்மேன நம்புறேன்."

அன்றைக்குத்தான் நான் சரியாகச் சாப்பிட்டேன்.

6

பதில்கள் வந்த விதம் ஒரு தனிப் புராணம். மூன்று பக்கங்களிலிருந்து ஒரே விநாடியில் பதில்: "உங்கள் பங்களிப்புக்கு நன்றி!" ஆச்சரியக்குறியோடு. நான் பங்களிக்கவில்லை ஐயா, கேள்வி கேட்டேன். ஒன்று என்னுடைய விசாரணைக் கடிதத்தையே இன்னொரு அனுதாபச் செய்தியாக எடுத்துப் போட்டுவிட்டது. லண்டன் பக்கத்துக்காரர், "நாங்கள் செய்தியை உருவாக்குவதில்லை, பகிர்கிறோம்" என்று எழுதினார். கள்ளச் சாமான் விற்கிறவனும் காவல் நிலையத்தில் இதைத்தான் சொல்வான், இவ்வளவு நல்ல தமிழில் இல்லாவிட்டாலும். பாரிஸ் பக்கம் லண்டனிலிருந்து எடுத்ததாம். லண்டன் சுவிஸிலிருந்து எடுத்ததாம். சுவிஸ்காரருக்கு நினைவில்லையாம், ஆனால் பாரிஸாக இருக்கலாமாம். நாய் தன் வாலைத் துரத்தினாலாவது வால் யாருடையது என்று அதற்குத் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் மெல்பர்னிலிருந்து ஒரு பதில். அங்கே ஒரு பல் வைத்தியர், எங்கள் ஊர்க் குடும்பங்களின் வம்சாவளிகளைச் சேர்த்து ஒரு பக்கம் நடத்துகிறார். பதினொன்றில் நான் மதித்தது அதை மட்டும்தான். ஏனென்றால் என் பதிவேடும் அதில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான வேலை, பினாங்குக்கு வந்த எங்கள் குடும்பங்களையும் ஊரில் உள்ள அவர்களின் உறவினரையும் முகவரியோடு ஒரு பெரிய பதிவேட்டில் எழுதியது. கலைந்துபோனவர்களைத் தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று, மே கடைசியில், வெசாக் விடுமுறையில் வாசுகி மூன்று நாள் உட்கார்ந்து அதை அந்தப் பக்கத்தில் ஏற்றினாள். மகேசுவை யாராவது கண்டால் எழுதுவார்கள் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

பல் வைத்தியர் பண்பாக எழுதியிருந்தார். அவருடைய பக்கத்தில் ஒருவர் பெயருக்கு நேரே 'காலமானார்' என்ற கட்டம் நிரப்பப்பட்டால், பக்கம் தானாகவே அதிலிருந்து ஓர் அறிவித்தலைச் செய்து பட்டியலில் சேர்த்துவிடும். மற்றவர்கள் அந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நிரப்பியது யார் என்ற பதிவு தன்னிடம் இருக்கிறது. "அதை இணைத்திருக்கிறேன். மன்னிக்கவும்" என்று முடித்திருந்தார்.

இணைப்பில் என் மகளின் பெயர் இருந்தது.

7

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. பஸ் பிடித்துப் பாயான் பாருவுக்குப் போனேன். பதிவேட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். வாசுகி வேலையிலிருந்து வந்து காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மகேசு காலமானாள் என்று நீயா போட்டாய்?"

தாளை வாங்கி வாசித்தாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் பதினொன்றும் தன் கையிலிருந்து போனது என்று அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

"ஆமாம்பா. உங்க புக்ல இருந்ததைத்தானே போட்டேன்."

"என் புத்தகத்தில் அப்படி எங்கே இருக்கிறது?"

பதிவேட்டைப் பிடுங்கினாள். திறந்தாள். வரிசையாக விரலை வைத்தாள்.

"இதோ பெரியப்பா. சிவப்புக் கோடு. இதோ குணம் அங்கிள். சிவப்புக் கோடு. இதோ..." விரல் கொஞ்சம் நின்றது. "இதோ அம்மா. சிவப்புக் கோடு. நீங்கதான் போட்டீங்க, ரூலர் வெச்சு. கோடு போட்டவங்க எல்லாரும் செத்தவங்கதானே? இதோ அத்தை. கோடு."

எங்கள் அலுவலகத்தில் சிவப்புக் கோடு மரணத்துக்கு அல்ல. அந்தப் பதிவு இனிச் செல்லாது, அவ்வளவுதான். ஆள் மாறினாலும் கோடு, முகவரி மாறினாலும் கோடு. எதற்காக என்பது வலப்பக்கக் கடைசிப் பத்தியில் இருக்கும், குறிப்புப் பத்தியில். என் அண்ணனுக்கு நேரே 'காலமானார்' என்றும் திகதியும் என் சுருக்கொப்பமும் இருந்தன. குணரத்தினத்துக்கு நேரே இருந்தன. என் மனைவிக்கு நேரே இருந்தன. கடிதம் திரும்பி வந்த நாளில் மகேசுவின் முகவரிக்குக் கோடு போட்டேன். குறிப்புப் பத்தி வெறுமையாக இருந்தது.

'இருக்குமிடம் தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டே சொல். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைக்கு அரைமணி நேரம் இருந்தது நினைவிருக்கிறது. எழுதவில்லை. மூடிவிட்டேன்.

நிலையான கட்டளைகள், பிரிவு 41, உட்பிரிவு (அ): "பதிவேட்டில் உள்ள எந்தப் பதிவையும் காரணம் எழுதாமல் அடிக்கக் கூடாது." தேவையில்லை என்று தொடக்கத்தில் நான் தள்ளி வைத்தது இதைத்தான். இதற்காகப் புதுப் பையன்கள் இரண்டு பேரை நான் மேலதிகாரி முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"எப்படிப்பா கேக்கறது? அம்மாவுக்குக் காரணம் எழுதியிருந்தீங்க. அத்தைக்கு எழுதக்கூட முடியலைன்னு நெனச்சேன். லெட்டர் வந்திருக்கும், படிச்சிட்டு யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கீங்கன்னு. அதான் நீங்க அந்தப் பதினோரு சைட்டையும் பிரிண்ட் கேட்டப்போ..."

அவள் அப்போது என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. 'அக்செப்ட்' என்றதும். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து எழுதுகிற நாங்கள் எல்லாரும் எழுதுகிறோம். என் வீட்டில் நடந்தது வேறு. என்னை நோகடிக்கக் கூடாதென்று அவள் கேட்கவில்லை. நான் எழுதவில்லை. நடுவில் இருந்த வெற்றுக் கட்டத்தை இயந்திரம் நிரப்பிக்கொண்டது.

சப்பாத்தோடு அடுக்களைக்குப் போய்ப் பால் சூடாக்கிக் கொண்டுவந்தாள். இருவரும் குடித்தோம்.

8

அன்றே சிறீக்குச் சொன்னேன். "பிழை என்ரை. கொம்மா செத்ததுக்கு ஒரு ஆதாரமும் இல்லை."

"அப்ப இருக்கிறாவெண்டதுக்கு?"

"அதுக்கும் இல்லை."

"நான் அந்தியேட்டி செய்திட்டன் மாமா."

அதற்கு எந்தப் பிரிவிலும் பரிகாரம் இல்லை. தொலைபேசியை அவன்தான் முதலில் வைத்தான்.

பல் வைத்தியர் அன்றே திருத்தினார். மற்றப் பத்துப் பக்கங்கள் திருத்தவில்லை. அவர்களுடைய இயந்திரம் புதியதை மட்டும் எடுக்குமாம், எடுத்ததைத் திருப்பிப் போய்ப் பார்க்காதாம். பொய் புதிதாக இருந்தபோது ஓடி வந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு, உண்மை பழைய விஷயத்தைப் பற்றியது என்பதால் வேண்டாம். வாசுகி வேறு வழி செய்தாள். "மகேசுவரி காலமாகவில்லை, தேடப்படுகிறார்" என்று புதிய அறிவித்தலாகவே போட்டாள். பத்தில் ஏழு எடுத்துக்கொண்டன. இப்போது அந்த ஏழிலும் மேலே அவள் தேடப்படுகிறாள், கீழே இறந்திருக்கிறாள். இரண்டுக்கும் கீழே அனுதாபங்கள். அதே அளவு எழுத்தில்.

செப்டம்பர் போயிற்று. ஒக்டோபர் போயிற்று. பெருமாள் செவ்வாய் தவறாமல் வந்தார். "போஸ்ட்மேன் பொய் சொல்ல மாட்டான் கிராணியாரே" என்பதைத் தவிர வேறு ஆறுதல் அவரிடமும் இல்லை. நவம்பரில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். சிறீ இப்போது கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டால், "முப்பதாம் திகதி மட்டும் எண்டு சொன்னனான்தானே" என்பான்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. பாதி கிழித்த கொப்பித் தாள், வவுனியா முத்திரை. கையெழுத்தை உறையிலேயே கண்டேன். நான் பதினேழு வயதில் கப்பலேறியதிலிருந்து எனக்கு எழுதிக்கொண்டிருக்கும் கையெழுத்து. மேல் மூலையில் கடித இலக்கம் போடும் பழக்கத்தையும் அவள் விடவில்லை.

"அண்ணைக்கு, நான் முகாமில் சுகம். நாலு இடம் மாறிவிட்டோம், உங்கள் விலாசம் எழுதிய கொப்பி தண்ணீரில் போய்விட்டது. இங்கே என்னோடு இருக்கும் பூமணியின் மகன் நோர்வேயில். அவன் தாய்க்குப் போன் எடுத்து மகேசக்கா செத்துப்போனா எண்டு அழுதானாம். அவள், செத்தவள் எனக்கு முன்னாலை தண்ணி வரிசையிலை நிக்கிறாள் எண்டாளாம். பிறகு அவன்தான் அந்தக் கம்பியூட்டரில் தேடி உங்கள் விலாசம் எடுத்துத் தந்தான். எனக்கு அந்தியேட்டியும் முடிஞ்சுதாம். வடை வைச்சவங்களோ எண்டு சிறீயைக் கேட்டு எழுதுங்கோ. என்னை அதிபர் எண்டும் போட்டிருக்காம். மற்றதுகளை அழிக்கச் சொல்லுங்கோ. அதை மட்டும் விடச் சொல்லுங்கோ."

கீழே முகாமின் முழு விலாசம், கூடார இலக்கத்தோடு.

முகவரி இல்லாதவன் என்று நான் கடந்து போன பொடியன். அதே விருந்தினர் புத்தகம், அதே பக்கங்கள். இதற்காக நான் அந்த இயந்திரத்துக்கு நன்றி சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு நெருப்பு வைத்தவன், அந்த வெளிச்சத்தில் தொலைந்த சாவியைக் கண்டுபிடித்தீர்களே என்று கேட்டால், ஆம் என்று சொல்லலாம். கும்பிட முடியாது.

சிறீயைக் கூப்பிட்டேன், அங்கே நடு இரவாக இருக்கும் என்று தெரிந்தே. விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான், திருப்பி வாசித்துக் காட்டச் சொன்னேன், காட்டினான். கேட்காமலே இன்னொரு தடவையும் வாசித்தான். கோப்புக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. வாசுகி அன்று விடுப்பெடுத்துக்கொண்டு வந்தாள். என் அருகே உட்கார்ந்து, "எழுதுங்கப்பா, நான் பாக்கறேன்" என்றாள். பெருமாள் பெர்ரியிலிருந்து இறங்கி நேரே வந்து, முத்திரையைத்தான் முதலில் பார்த்தார்.

பதிவேட்டைத் திறந்தேன். சிவப்புக் கோடு போட்டதை அழிக்க விதியில் இடமில்லை, அது அப்படியே இருக்கட்டும். குறிப்புப் பத்தியில், இருபத்திரண்டு மாதம் பிந்தி, காரணத்தை எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்: முகவரி மாற்றம். பதில் கிடைத்த திகதி, 23 நவம்பர் 1999.